அண்ணி தேய்த்த பதினோரு சட்டைகள்

எங்கள் அண்ணி லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டில் ஒரு பக்கம் பெட்டி ஏறினால் மறுபக்கம் இரும்பு எடை இறங்கும். அந்தக் கணக்கையே அவர் குடும்பத்துக்கும் வைத்திருக்கிறார். சோறு குழைந்துபோனால் அன்றைக்குப் பாத்திரம் அவரே கழுவுவார். என்னைத் திட்டிவிட்டால் என் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுத் தருவார். அதனால் திட்டு வாங்க நான் தயங்கியதே இல்லை.

போன திங்கட்கிழமை வந்தது வினை. அண்ணாவுக்குக் கண் ஆபரேஷன். நாலு மணிக்கு அழைத்துப்போக வருகிறேன் என்ற அண்ணி, வேலை முடிந்ததும் பழக்கதோஷத்தில் நேராகத் தான் படிக்கும் மாலை நேர ஆங்கில வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டார். போனையும் அணைத்துவிட்டார். அண்ணா ஒரு கண்ணில் கட்டோடு ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் ஆறு மணிவரை காத்திருந்து, வாட்ச்மேன் ஏற்றிவிட்ட டாக்சியில் வந்து சேர்ந்தார். நல்லவேளை, நான் அன்று வெளியூரில் இருந்தேன்.

மறுநாள் நான் திரும்பியதிலிருந்து எல்லாப் பேச்சும் என் வழியாகத்தான்.

"சொட்டு மருந்து எங்கன்னு உங்க அண்ணிகிட்ட கேளு," என்பார் அண்ணா, அண்ணி பக்கத்திலேயே நிற்கும்போது. மத்தளத்துக்கு இரண்டு பக்கம்தான் இடி. எனக்கு எல்லாப் பக்கமும்.

அண்ணி ஈடுகட்டத் தொடங்கினார். கட்டிலின் கிரீச் சத்தத்தை நிறுத்தினார். புது ரேடியோ வாங்கினார். அண்ணாவின் பதினோரு சட்டைகளையும் தேய்த்து அடுக்கினார். நடந்ததைப் பற்றி மட்டும் மூச்சுவிடவில்லை. கல்லுளிமங்கன் அண்ணாவும் அசையவில்லை.

வியாழக்கிழமை வகுப்பில் ஆசிரியை 'மேக் அப் ஃபார்' என்று பலகையில் எழுதினாராம். ஒரு குறையை வேறொரு நல்லதால் ஈடுகட்டுவது. அறை சின்னதுதான், நல்ல வெளிச்சம் அதை ஈடுகட்டிவிடுகிறது என்பதுபோல. ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னதும் அண்ணி முந்திக்கொண்டு எழுந்தார். பதினோரு சட்டை தேய்த்தேன் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்து, புதுச் சொல்லையும் சரியாகச் சேர்த்து, அங்கேயே நின்றுவிட்டார்.

"எதுக்கு ஈடா? அதைச் சொன்னாத்தானே கேக்கிறவங்களுக்குப் புரியும்," என்றார் ஆசிரியை.

அண்ணியின் முகம் சுண்டிவிட்டது. வகுப்பு முடியும்வரைகூட அவர் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தவர் பையைக்கூடக் கீழே வைக்காமல் அண்ணா முன்னால் நின்றார்.

"நாலு மணிக்கு வர்றேன்னு சொன்னேன். மறந்தே போயிட்டேன். ஒத்தைக் கண்ணோட உங்களை ரெண்டு மணி நேரம் காக்க வெச்சுட்டேன். தப்பு என்மேலதான்."

அண்ணா ரேடியோவை நிறுத்தினார்.

"லிஃப்ட்ல உனக்கு ஏதாவது ஆயிடுச்சோன்னு பயந்துட்டேன்," என்றார்.

அண்ணி அழுதுவிட்டார். அண்ணா தொண்டையைச் செருமினார்.

"சட்டையில ஒரு காலர்கூட சரியாத் தேய்க்கலை."

அதை என்னிடம் சொல்லவில்லை. நேராக அண்ணியிடமே சொன்னார்.