துண்டுக்குள் பேசும் கை

கொழிஞ்சாம்பாறையில் நான் மாட்டு வியாபாரி. சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு, எதிராளியின் விரல்களைப் பிடித்தே விலை பேசுவோம். முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. என் முகத்தைப் படித்தவன் இதுவரை பிறக்கவில்லை என்ற திமிர் எனக்கு. அந்தத் திமிரில்தான் செல்போனில் போக்கர் சீட்டாட்டம் பழகி, மாடு பார்க்க ஈரோட்டுக்குப் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு, தனியாகக் கோவாவுக்கு ரயிலேறினேன்.

ஓட்டல் மெத்தையில் படுத்தும் இருப்புக் கொள்ளவில்லை. தட்டு நிறைய இறாலை எடுத்துவைத்து, பாதியில் எழுந்து கேசினோவுக்கு ஓடினேன். சீட்டு மேசையில் கல்லைப் போல உட்கார்ந்தேன். ஆனாலும் எனக்கு நல்ல சீட்டு வந்தபோதெல்லாம் பக்கத்து நாற்காலியில் ஆடிய ஓர் அம்மா ஆட்டத்திலிருந்து விலகிக்கொண்டார். நான் உதவாத சீட்டை வைத்துக்கொண்டு பணத்தை ஏற்றி மிரட்டியபோதெல்லாம் துணிந்து நின்று ஜெயித்தார். சாயங்காலத்துக்குள் கொண்டுபோன பணமெல்லாம் போயிற்று.

எழுந்தபோது அவரே நம் பக்கத்துத் தமிழில் கேட்டார்: "ஏனுங்க, நீங்க மாட்டு யாவாரிங்களா? எங்கப்பா பொள்ளாச்சிச் சந்தையில தரகருங்க. உங்க மூஞ்சியில ஒண்ணுமே தெரியலீங்க. ஆனா நல்ல சீட்டு வந்தா, மடியில உங்க ஒரு கை இன்னொரு கை விரலப் புடிச்சு வெல பேசுதுங்க."

ஊர் வந்து சேரும்வரை கைகளை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.

"ஏனுங்க, மாடு அமையலீங்களா?" என்றாள் மனைவி.

"அமையல" என்றேன், அதே சந்தை முகத்தோடு.

அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமும் அங்கேதான் பார்த்திருக்கிறாள்.