சொல்தா மூடிய இடது கண்

சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் காரைக்காலுக்குத் திரும்பிய தெட்சிணாமூர்த்தியை எல்லாரும் சொல்தா என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டாளத்துக்காரருக்கு அந்த ஊரில் அதுதான் பேர். அவர் அங்கிருந்து கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு பழக்கமும். எதையாவது ஊன்றிப் பார்க்க வேண்டுமென்றால் இடது கண்ணை மூடிக்கொள்வார். துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் அடித்து அடித்து ஏற்றிய பழக்கம். ஊசியில் நூல் கோர்த்தாலும் சரி, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினாலும் சரி, அந்தக் கண் தானாகச் சாத்திக்கொள்ளும்.

மனிதர் தங்கமானவர். ஆனால் பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு கண்ணை மூடினால் அதற்கு வேறு பேர் இருக்கிறதே. நெடுங்காட்டில், பெண்ணைப் பார்த்துக் கண்ணடித்தார் என்று அனுப்பிவிட்டார்கள். திருநள்ளாற்றில், தாம்பூலத் தட்டை நீட்டிய பெண்ணின் சித்தியைப் பார்த்தே கண்ணடித்தார் என்று பேச்சு. அக்காள் காசியம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்றாவது இடம் திருமலைராயன்பட்டினம். இதுவும் தட்டிப்போனால் சொல்தா தாங்கமாட்டார், ஏனென்றால் இந்தப் பெண்ணை அவர் ஏற்கெனவே பார்த்திருந்தார். மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து வீசிய மாம்பழத்தைப் பிடிக்கக் கை நீட்டினார். பழம் கைக்கு வராமல் நெற்றியில் வந்து இறங்கியது. பக்கத்தில் நின்ற நீலாயதாட்சி விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"தம்பி, ரெண்டு கண்ணையும் தொறந்து வச்சுக்க. இன்னொரு வீட்டுலேருந்து தலையக் குனிஞ்சிக்கிட்டு வர என்னால முடியாது" என்று வண்டியிலேயே சொல்லிவிட்டாள் காசியம்மா.

அவரும் பெண்ணின் அப்பா திருஞானசம்பந்தத்துக்குப் பக்கத்தில், பேயறைந்தவர் மாதிரி இரண்டு கண்ணையும் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீலாயதாட்சி காபித் தட்டோடு வந்தாள். டம்ளரைச் சரியாக எடுக்க வேண்டுமே என்ற கவலை வந்ததுதான் தாமதம், இடது கண் சாத்திக்கொண்டது. கை டம்ளர்வரை போகாமல் இந்தப் பக்கமே காற்றைப் பிடித்தது. பதறி எட்டியதில் டம்ளர் சாய்ந்து, காபி முழுக்கத் திருஞானசம்பந்தத்தின் வேட்டியில்.

"கண்ணடிச்சது பத்தாதுன்னு காபியையும் கொட்டுறியா?" என்று அவர் எழுந்துவிட்டார்.

"அய்யோ, இல்லீங்க. குறி பாத்தேங்க" என்றார் சொல்தா.

"எம் பொண்ணையா குறி பாத்தே?"

காசியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு புறப்படத் தயாரானாள். சொல்தாவுக்கு அழுகையே வந்துவிட்டது. சைகோனில் குண்டு விழுந்தபோதுகூட அவர் அழுததில்லை.

"கொஞ்சம் இருங்கப்பா" என்றாள் நீலாயதாட்சி. "திருவிழாவுலயும் இவங்க ஒரு கண்ண மூடிக்கிட்டுதான் மாம்பழத்தப் புடிக்கப் போனாங்க. அப்பவும் கைக்கு வரல. மாம்பழத்தப் பாத்து யாராச்சும் கண்ணடிப்பாங்களா?"

தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, காம்பு மேலே தெரியப் பிடித்தாள். "வெரலப் பக்கவாட்டுல கொண்டாந்து இந்த நுனியத் தொடுங்க. மொதல்ல ஒரு கண்ணால."

சொல்தாவின் விரல் காம்புக்குப் பின்னால் போயிற்று. அடுத்த தடவை முன்னால் போயிற்று. இரண்டு கண்ணையும் திறந்தார். நேராகப் போய்த் தொட்டது.

"இதுல என்ன பெரிய வித்தை?" என்று திருஞானசம்பந்தம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வந்தார். அவருக்கும் தப்பியது. மறுபடி தப்பியது. அவர் மனைவி லோகாம்பாளும் ஒரு காம்பை எடுத்துக்கொண்டாள், காசியம்மாவும் எடுத்துக்கொண்டாள். தயிர் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரி, வீடே ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணடிப்பதைக் கண்டு வந்த வேகத்தில் திரும்பிப் போனாள்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. இரண்டு கண்ணும் கொஞ்சம் தள்ளித் தள்ளி இருப்பதால் ஒவ்வொன்றும் ஒரே பொருளைச் சற்று வேறாகப் பார்க்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் எது கிட்டே, எது எட்ட என்று மூளை கணக்குப் போடுகிறது. தூரத்துப் பலகையைச் சுட ஒற்றைக் கண் போதும். கைக்கெட்டும் காபிக்குப் போதாது.

திருஞானசம்பந்தம் வேட்டியை உதறினார். "எனக்கே தப்புதே. சரி, மாப்பிள்ளைக்கு வேற காபி கொண்டாம்மா."

மாப்பிள்ளை என்ற சொல் காதில் விழுந்ததும் காசியம்மா மறுபடி உட்கார்ந்தாள்.

காபி வந்தது. சொல்தா இந்தத் தடவை இரண்டு கண்ணையும் திறந்தேதான் வைத்திருந்தார். ஆனால் இரண்டும் டம்ளரை விட்டுவிட்டு நீலாயதாட்சியின் முகத்தில் போய் நின்றன. கை மறுபடி தப்பியது. மாமனார் சட்டென்று காலை மடக்கிக்கொண்டார். இந்தத் தடவை ஏன் தப்பியது என்று யாரும் கேட்கவில்லை.