மிக்ஸி நின்ற பிறகும் கேட்ட தட்டல்

2004 வாக்கில் ஒரு குளிர்காலம். ஜெர்மனியில் ஆஹென் நகரத்தில் நான் ஆராய்ச்சி மாணவி. ஓர் இங்கிலாந்துப் பெண்ணும் நானும் ஒரே ஃப்ளாட்டில் இருந்தோம். நல்ல பெண்தான், ஆனால் வாயைத் திறந்தால் பேய்க்கதை. தலையில்லாத ராணி, கண் எரியும் கறுப்பு நாய், சுவரில் மூன்று தட்டு கேட்டால் வீட்டில் சாவு... அவள் ஊரில் இல்லாத பேயே இல்லை. எனக்கோ யாரையும் லேசில் நம்பாத புத்தி. என்னைப் பயமுறுத்திப் பார்க்கிறாள் என்றே நினைத்தேன்.

அங்கே ஞாயிற்றுக்கிழமை சத்தமே போடக் கூடாது. நமக்கோ அன்றைக்குத்தான் இட்லி, சட்னி. மிக்ஸியைத் துண்டில் சுற்றி, அமுக்கிப் பிடித்து அரைப்பேன். அப்படியும் கீழ்வீட்டில் தனியாக இருந்த பெரியவர் அவர் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறிவரும் ஹீட்டர் குழாயில் டொக் டொக்கென்று தட்டிவிடுவார். சிடுமூஞ்சி மனுஷன். நான் நிறுத்தினால் அவரும் நிறுத்திவிடுவார்.

ஒரு ஞாயிறு மதியம், தேங்காயைப் போட்டு ஒரு சுற்றுதான் விட்டிருப்பேன், தட்டல் ஆரம்பித்தது. "வந்துட்டாருய்யா!" என்று மிக்ஸியை நிறுத்தினேன். தட்டல் நிற்கவில்லை. மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. சரிதான், இது இவள் வேலை என்று அவள் அறைக் கதவைப் படாரென்று திறந்தேன். கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் டீ கப்பைப் பிடித்திருந்தாள். என் கண்ணெதிரே மறுபடி மூன்று தட்டு. முகம் வெளுத்துப்போய், "போகாதே, அது சாவுத் தட்டு" என்றாள்.

நடிக்கிறாளோ என்று அப்போதும் எனக்கொரு சந்தேகம். ஆனால் மிக்ஸி நின்ற பிறகு அந்த மனுஷன் எதற்குத் தட்ட வேண்டும்? திட்டினால் திட்டட்டும் என்று கீழே ஓடிப் பெல் அடித்தேன். கதவு திறக்கவில்லை. காதை வைத்துக் கேட்டால், உள்ளே ஈனக்குரலில் முனகல். "ஆம்புலன்ஸைக் கூப்பிடுடி!" என்று மாடியைப் பார்த்துத் தமிழிலேயே கத்தினேன். அவளுக்கு எப்படிப் புரிந்ததோ, கூப்பிட்டுவிட்டாள்.

தீயணைப்புக்காரர்கள் வந்து கதவை உடைத்தார்கள். முந்தின ராத்திரியே குளியலறையில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து அந்தக் குழாய்ப் பக்கத்திலேயே கிடந்திருக்கிறார். உடம்பெல்லாம் சில்லிட்டிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "ராத்திரியெல்லாம் தட்டிப் பார்த்தேன், யாரும் வரவில்லை. மேலே யாரும் இல்லையென்று தட்டுவதையே விட்டுவிட்டேன். உன் மெஷின் சத்தம் கேட்டதும்தான் மறுபடி தட்டினேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சண்டைக்குத் தட்டுகிறார் என்று நானும், சாவு தட்டுகிறது என்று அவளும் அப்படியே உட்கார்ந்திருந்தால், தட்டித் தட்டியே ஒரு மனுஷன் எங்கள் காலடியில் செத்துப்போயிருப்பார்.