அச்சு முறுக்குக் கம்பியில் சுற்றிய வலை

கடலுக்குப் போன என் வீட்டுக்காரர் திரும்பி வராத முதல் கிறிஸ்துமஸ் அது. பாம்பனில் எங்கள் வீட்டில் மாவு கரைப்பது நான். அச்சு முறுக்கு சுடுவது அவர். அச்சுக்கம்பியில் மரப்பிடி கிடையாது, அவர்தான் துணி சுற்றிக்கொள்வார். மகள் கேட்டாளே என்று அன்று நானே அடுப்படியில் உட்கார்ந்தேன். கையில் கிடைத்த வலைத் துண்டைக் கம்பியில் சுற்றினேன். கம்பி சூடேற, நைலான் உருகி உள்ளங்கையில் ஒட்டியது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"எம்மா, கருகுது! கம்பியை விடும்மா!" என்று மகள் அலறிய பிறகுதான் பார்த்தேன். அப்போதும் வலிக்கவில்லை.

அடுப்பு வேலைக்கு யாரும் வலையைச் சுற்றாதீர்கள். நான் இப்போது பருத்தித் துணிதான் சுற்றுகிறேன். பெட்டியில் மடித்து வைத்திருந்த அவர் கைலியை இந்த வருஷம் கிழித்துவிட்டேன்.