பேர்பெச்சுவா எழுதிய துப்பாக்கிக் கடிதம்

இலங்கையிலிருந்து ஜேர்மனிக்கு வந்த பேர்பெச்சுவாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. அதில் பத்தொன்பது வருடத்தை ஜேர்மன் கிழவர்களின் கால்களோடு கழித்திருக்கிறாள். ஹம் நகரிலிருந்து ரயிலில் இருபது நிமிடம் போனால் வரும் ஒரு சிற்றூரில், வீடு வீடாகப் போய் முதியோரைப் பராமரிக்கும் வேலை. வீங்கிய கால்களுக்கு இறுக்கமான காலுறை மாட்ட வேண்டும், இன்சுலின் போட வேண்டும், குளிசையை விழுங்கினாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். கோபக்காரி என்று பெயர் வாங்கியவள். அந்தப் பெயரை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை.

இந்தமுறை கோபத்துக்குக் காரணம் ஒரு மஞ்சள் தாள். செவ்வாயும் வெள்ளியும் அவள் போகும் வீட்டில் எண்பத்திரண்டு வயதுக் கிழவர் ஒருவர் தனியாக இருக்கிறார். துப்பாக்கி சுடும் கழகத்தில் ஒருகாலத்தில் பரிசெல்லாம் வாங்கியவர். முறைப்படி அனுமதி எடுத்த மூன்று துப்பாக்கிகள் படுக்கையறை இரும்பு அலுமாரியில் இருக்கின்றன. மறதி நோய் வந்து இரண்டு வருடம். அலுமாரியின் பூட்டு எண்ணும் மறந்துபோகத் தொடங்கியதால், அதை மஞ்சள் தாளில் கொட்டை எழுத்தில் எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் மருந்து அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். அதே வாரத்தில் இரண்டு தடவை பேர்பெச்சுவாவை யாரென்று தெரியாமல், "யார் நீ? உன்னை யார் உள்ளே விட்டது?" என்று கத்தினார்.

அவள் சும்மா இருக்கவில்லை. பராமரிப்பு நிறுவனத்தின் மேலாளரிடம் சொன்னாள். "நமது வேலை காலுறை வரைக்கும்தான்" என்றார் அவர். துப்பாக்கி அனுமதி கவனிக்கும் அலுவலகத்துக்கு எழுதினாள். பத்திரமெல்லாம் சரியாக இருக்கிறது, மருத்துவர் சொன்னால் பார்ப்போம் என்று பதில் வந்தது. மருத்துவரோ நோயாளியின் இரகசியத்தை வெளியே சொல்லக்கூடாது என்றார். மூனிக்கிலிருந்து வந்த மகன் மஞ்சள் தாளைக் கிழித்தெறிந்துவிட்டு, அப்பாவிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பெருமை ஒன்றுதான் என்றான். அடுத்த வாரம் அதே எண் சுவர் நாட்காட்டியில் இருந்தது.

சட்டத்தைத் தேடி வாசித்தபோதுதான் அவளுக்குக் கோபம் உச்சிவரை ஏறியது. இருபத்தைந்து வயதுக்குக் குறைந்த ஒருவன் முதல் துப்பாக்கி கேட்டால் மனநலச் சான்றிதழ் கொண்டுவர வேண்டுமாம். எண்பது தாண்டியவரிடம், வயதாகிவிட்டதே, ஒருதடவை பரிசோதித்துப் பார்ப்போம் என்று கேட்க எந்தக் கட்டாயமும் இல்லை. நாய்க்கு வரி, காருக்குப் பரிசோதனை என்று கடிதத்துக்கு மேல் கடிதம் போடுகிற நாடு இது.

"நீர் அந்த வீட்டுக்குப் போகாதையும்" என்றார் கணவர் கணேசலிங்கம்.

"நான் போகாட்டி எங்கட வேலையிடத்துச் சிவப்பிரியாவை அனுப்புவினம். அந்தப் பிள்ளைக்குப் பத்தொன்பது வயசு. இப்பதான் Ausbildung எண்டு வேலை பழகுது."

ஆகவே தொகுதி எம்.பி.க்கு எழுதினாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. கிழவரின் பெயரையோ தெருவையோ சொல்லவில்லை. குறிப்பிட்ட வயதுக்குப் பிறகு துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குக் கட்டாயப் பரிசோதனை வேண்டும், அதைச் சட்டமாகக் கொண்டுவாருங்கள் என்று ஒன்றரைப் பக்கத்தில், திருத்தமான ஜேர்மன் மொழியில் கேட்டிருந்தாள்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. நல்ல கெட்டித் தாள். இலங்கையில் மனித உரிமை நிலைமையைத் தாம் மிகுந்த கவலையுடன் கவனித்து வருவதாகவும், வெளிநாட்டமைச்சுடன் தொடர்ந்து பேசி வருவதாகவும் எம்.பி. எழுதியிருந்தார்.

கணேசலிங்கத்துக்கு அந்தக் கடிதம் மனப்பாடம். தமிழர் சங்கத்தில் ஒவ்வொரு மார்ச் மாதமும், ஜெனீவா மனித உரிமைக் கூட்டத்துக்கு முன்னர், ஒரே வாசகத்தில் நூற்றுக்கணக்கான கடிதங்களுக்குக் கையெழுத்துச் சேர்த்து அனுப்புபவர் அவர்தான். அதே பதில் பதினொன்று அவருடைய கோப்பில் இருக்கிறது.

"பதில் போட்டிருக்கினம் எண்டதே பெரிய காரியம். விடுமன்."

"இஞ்சேருங்கோ, நான் இந்த ஊர்த் துவக்குச் சட்டத்தைப் பற்றி எழுத அவை இலங்கையைப் பற்றிப் பதில் போட்டிருக்கினம். என்ர பேரைக் கண்டோடன கடிதத்தை மூடிப்போட்டினம். இது எனக்கு மட்டும் இல்லை. நீங்கள் அனுப்பின அவ்வளவையும் ஒருத்தரும் வாசிக்கேல்லை."

கணேசலிங்கம் கோப்பை மூடி வைத்தார். அவருக்கும் சுட்டது.

மக்கள் சந்திப்பு நேரத்துக்கு முன்பதிவு எடுத்துக்கொண்டு, ஒரு வியாழன் பின்னேரம் வேலைச் சட்டையோடே அவள் எம்.பி.யின் அலுவலகத்துக்குப் போனாள். வாசலில் இருந்த பெண், விசா அலுவலாக வந்தீர்களா என்று இனிமையாகக் கேட்டாள். இருபத்தொரு ஆண்டாக ஜேர்மன் குடியுரிமை வைத்திருக்கிறேன், வாக்குப் போட்ட எம்.பி.யைப் பார்க்க வந்தேன் என்றாள் பேர்பெச்சுவா.

எம்.பி. நல்ல மனிதர்தான். கோப்பி கொடுத்தார். தவறுக்கு மன்னிப்புக் கேட்டார். கடிதத்தை அவள் முன்னாலேயே முதல் தடவையாக வாசித்தார். வாசித்துவிட்டு, போரைக் கண்டு வந்தவருக்கு ஆயுதம் என்றாலே பயம் இருப்பது தனக்குப் புரிகிறது என்றார்.

"எனக்கு இருக்கிறது முப்பது வருசத்துக்கு முந்தின பயம் இல்லை. போன செவ்வாய்க்கிழமைப் பயம்" என்றாள்.

அவர் தலையாட்டினார். பிறகு ஒளிவுமறைவில்லாமல் பேசினார். ஊருக்கு ஊர் துப்பாக்கிக் கழகம் இருக்கிறது, வயதைத் தொட்டால் எல்லாரும் எழும்பி நிற்பார்கள், இப்போதைக்குப் பெரும்பான்மை கிடைக்காது. உண்மையைச் சொன்னால், ஏதாவது நடந்தால்தான் இந்த மாதிரிச் சட்டம் அசையும். மெதுவாக, வருத்தத்தோடுதான் சொன்னார்.

பேர்பெச்சுவா கோப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். அவருக்கு முன்னால் இருந்த வெள்ளைத் தாளைத் தன் பக்கம் இழுத்து, தன் முழுப் பெயரையும் பெரிய எழுத்தில், ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். கீழே செவ்வாய், வெள்ளி, காலை ஆறே முக்கால் என்று எழுதித் திருப்பி அவரிடம் கொடுத்தாள்.

"அந்த நேரம் அந்த வீட்டுக்குள்ள நிக்கிறது நான். நடந்தால் எனக்குத்தான் நடக்கும். நீங்கள் அண்டைக்குப் பாராளுமன்றத்தில எழும்பி அனுதாபம் சொல்லுவீங்கள். பேரைப் பிழையில்லாமல் வாசிச்சுப் பழகி வையுங்கோ."