துரை குடிக்காத மோர்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ஒரு மலர் போடப் போவதாகவும், அதில் ஊர் வரலாற்றை நான்தான் எழுத வேண்டும் என்றும் விழாக் குழுவினர் வீடு தேடி வந்து சொன்னபோது எனக்குப் பெருமை வரவில்லை. எப்படித் தப்பிப்பது என்றுதான் பார்த்தேன். உத்தமபாளையம் கோர்ட்டில் நகல் எடுக்கும் பிரிவில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். அடுத்தவர் எழுதியதை ஒரு புள்ளி பிசகாமல் பார்த்து எழுதுவதுதான் என் உத்தியோகமாக இருந்தது. ஆகவே வரலாறு எழுதவும் நான்தான் லாயக்கு என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். அந்த வரலாற்றின் முக்கியமான பக்கத்தை நான் ஏழாம் வகுப்பிலேயே எழுதிவிட்டேன் என்பதும், அதில் ஒரு வரிகூட நிஜமில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

‘எங்கள் ஊரின் சிறப்பு’ என்று அப்போது ஒரு கட்டுரைப் போட்டி வைத்தார்கள். சுற்றியிருந்த ஊர்களுக்கெல்லாம் ஏதோ ஒரு சிறப்பு இருந்தது. ஒன்றில் அருவி, ஒன்றில் தேர், ஒன்றில் வாரச் சந்தை. இப்போது பொட்டிப்புரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மலைக்கு அடியில் வரப்போவதாகச் சொன்ன நியூட்ரினோ ஆய்வுக்கூடம் வருவதற்கு முன்பே உலகம் முழுக்கப் பேர் வாங்கிவிட்டது. எங்கள் ஊரில் இருந்தது ஒரு பஸ் ஸ்டாப். அதில் பஸ் நிற்பதும் நிற்காததும் டிரைவரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. அதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுத முடியாது.

வேறு வழியில்லாமல், பெரியாற்று அணையைக் கட்டிய வெள்ளைக்கார துரையை ஊருக்குள் வரவழைத்தேன். துரை குதிரையில் வந்தார். வெயில் தாங்காமல் எங்கள் வாய்க்கால் கரையில் கிடந்த கல்லில் உட்கார்ந்தார். ஒரு வீட்டம்மா மோர் கொடுத்தார். குடித்துவிட்டு, ‘இந்த ஊருக்குத் தண்ணீர் கொண்டுவராமல் ஓயமாட்டேன்’ என்று துரை சுத்தமான தமிழில் சபதம் செய்தார். எங்கள் வாய்க்காலே அணைத் தண்ணீருக்காக வெட்டியதுதான். அணை கட்டுவதற்கு முன்னால் ஏது வாய்க்கால், ஏது கரை? நானும் யோசிக்கவில்லை, கட்டுரையைப் படித்தவர்களும் யோசிக்கவில்லை.

மோர் கொடுத்த வீடாக எங்கள் எதிர்வீட்டைப் போட்டேன். எனக்கு மோர் கொடுத்த வீடு அதுதான். அங்கே குடியிருந்த அம்மாவை அத்தை என்று கூப்பிடுவேன். உறவு ஒன்றும் கிடையாது, தெருப் பழக்கம். கல்யாணமாகி வந்த மூன்றாம் வருஷமே புருஷனைப் பாம்புக்குப் பறிகொடுத்தவர். பிள்ளை இல்லை. ஓர் எருமையை வைத்துக்கொண்டு தனியாகக் காலம் தள்ளினார். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கறிவேப்பிலை கிள்ளிப் போட்ட மோர் ஒரு டம்ளர் தருவார். அதற்குக் கைம்மாறாக அவர் புருஷனுடைய பாட்டியை நான் வரலாற்றில் ஏற்றிவிட்டேன்.

எங்கள் வாத்தியாருக்கு ஆண்டிபட்டிப் பக்கம். வானம் பார்த்த பூமியிலிருந்து வந்தவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர் என்றாலே கண் கலங்கிவிடும். காலைக் கூட்டத்தில் என் கட்டுரையைத் தழுதழுத்த குரலில் வாசித்தார். பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்னார்கள். கொஞ்ச நாளில் டீக்கடையில் அதே கதையைப் பெரியவர்கள் எனக்கே சொல்ல ஆரம்பித்தார்கள். குதிரை வெள்ளைக் குதிரை என்ற விவரம் நான் எழுதாதது.

பிறகு அணைத் தண்ணீருக்காக எங்கள் பள்ளத்தாக்கே தெருவில் இறங்கி நின்ற காலம் வந்தது. ஊருக்கு ஊர் தை மாதத்தில் துரைக்குப் பொங்கல் வைத்தார்கள். மற்ற ஊர்க்காரர்கள் படம் தேடி அலைந்தபோது எங்களிடம் துரை உட்கார்ந்த கல்லே தயாராக இருந்தது. அது என் அம்மா துணி துவைத்த கல். சந்தனமும் குங்குமமும் வைத்துச் சுற்றிக் கம்பி வேலி போட்டுவிட்டார்கள். ‘துரை உக்காந்தாக சரி, அதுக்காக நான் சேலைய எங்கன போட்டுத் துவைக்க?’ என்று அம்மா கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

முதல் பொங்கலின்போது ஒரு சிக்கல் வந்தது. கல்லுக்கு முதல் மோரை மோர் கொடுத்த வீட்டார்தான் ஊற்ற வேண்டும் என்றார்கள். அந்த வீட்டில் அத்தையைத் தவிர யாரும் இல்லை. தாலியறுத்தவரை நல்ல நாளில் முன்னால் நிறுத்துவதா என்று கூட்டம் முணுமுணுத்தது. தெருவில் கல்யாண ஊர்வலம் போனால் அத்தை கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். அவரை அப்படி நிற்கச் சொன்னவர் எவரும் இல்லை. சொல்லத் தேவையில்லாதபடி ஊர் பழக்கி வைத்திருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. என் தங்கை கல்யாணத்திலும் அவர் அப்படித்தான் நின்றார், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்பதால் அந்தக் கோபத்தில் பாதி என் மேலேயே வருகிறது.

கடைசியில், ஊரில் எந்த விழாவானாலும் குழுத் தலைவராக இருப்பவர்தான் வழி கண்டுபிடித்தார். எனக்கு மாமன் முறை, நல்ல விவசாயி, சட்டம் படித்திருந்தால் நீதிபதியாகியிருப்பார்.

‘துரை வெள்ளைக்காரரு. அவருக்கு நம்ம சடங்கு, சம்பிரதாயம் எதுவும் தெரியாது. ஆத்தா ஊத்தட்டும்’ என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தையிலும் முதல் மோர் அத்தையின் கையால்தான். அந்த ஒரு நாளுக்காக அவர் தீபாவளிக்குக்கூட எடுக்காத புதுச்சேலை எடுத்தார். வருஷத்தில் ஒரே ஒரு நாள் ஊர் அவரைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தியது. அதற்கு ஆதாரம் நான் விட்ட கப்சா.

மலருக்கு எழுத உட்கார்ந்தபோது இதுதான் என் கையைப் பிடித்து இழுத்தது. பொய்யை அச்சில் ஏற்ற மனம் ஒப்பவில்லை. உண்மையை எழுதினால் அத்தையின் நாள் போய்விடும். நாலு நாள் யோசித்துவிட்டு, உண்மையையே எழுதி, முதலில் அவரிடம் கொண்டுபோனேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். வாசித்துக் காட்டினேன்.

‘அப்ப, அவுக ஆயா தொரைக்கு மோரு குடுக்கலையா?’

‘இல்லத்தே. துரை நம்ம ஊருப் பக்கமே வரல. நானா எழுதுனது.’

‘அதானே பாத்தேன். அந்தக் கெழவி பச்சத்தண்ணிகூடக் குடுக்காதுன்னு எங்க மாமியாரே சொல்லுவாக. அது எங்கிட்டு மோரு குடுத்துச்சு?’

சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். பிறகு கீரையை உருவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

‘இதப் பொஸ்தகத்துல போட்டுட்டா, தையில மோரு யாருய்யா ஊத்துவாக?’

வேண்டாமென்றால் பழைய கதையையே எழுதிவிடுகிறேன் என்று சொன்னேன். அவர் இன்னும் ஒரு கொத்தை எடுத்து உருவி முடித்தார்.

‘கெழவிய எடுத்துரு. பொய்யின்னா பொய்யிதான். ஆனா இத்தன வருசமா நான் ஊத்துறது பொய்யில்லைல்ல? அத எழுது. இன்னாரு பொண்டாட்டின்னு எழுதாத. என் பேரப் போடு.’

பேனாவை எடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் கையால் அத்தனை வருஷம் மோர் குடித்திருக்கிறேன், அவர் பேர் எனக்குத் தெரியாது. கேட்கவும் வெட்கமாக இருந்தது. ரேஷன் கார்டை எடுத்து வரச் சொல்லிப் பார்த்து எழுதினேன்.

தலைவர் படித்துவிட்டு நம்ப மறுத்தார். ‘மாப்ள, நீ அப்ப சின்னப் பிள்ள. பெரியவக யாராச்சும் சொன்னதக் கேட்டு எழுதியிருப்ப. ஒனக்கு மறந்துபோச்சு’ என்றார். கட்டுரையின் ஒவ்வொரு வரியையும் நானே இட்டுக்கட்டினேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். பொய் சொன்னதை நிரூபிக்க ஒரு மனிதன் இவ்வளவு பாடுபட்டு நான் கோர்ட்டில்கூடப் பார்த்ததில்லை. கடைசியில், ‘எழுதுனது எழுதுனபடி இருக்கட்டும். பொங்கலப் பத்தி ஊரு பேசிக்கிரும்’ என்று அச்சுக்குக் கொடுத்துவிட்டார். அதை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

மலர் வீடு வீடாகப் போனது. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வாய் ஓயாத டீக்கடையே நான் உள்ளே நுழைந்தால் வெங்காய விலையைப் பேசியது. தை பிறந்தது. பொங்கல் வைப்பதை ஊர் விடவில்லை. துரை வந்தாரோ வரவில்லையோ, தண்ணீர் வந்ததே என்று பானையை ஏற்றிவிட்டார்கள். ஆனால் அத்தையைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

அன்று காலை அத்தை புதுச்சேலை கட்டி, செம்பை எடுத்துக்கொண்டு வந்து கூட்டத்துக்குக் கடைசியில் நின்றார். பானை பொங்கியது. குலவை போட்டார்கள். வழக்கமாக அந்த நேரத்தில் தலைவர், ‘மோரு வீட்டு ஆத்தாவ வரச் சொல்லுங்கப்பா’ என்பார். அன்று வாயைத் திறந்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். இனி மோர் வீடு என்று ஒரு வீடு ஊரில் கிடையாது. அதை இல்லாமல் செய்தவன் நான். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கூப்பிடலாம் என்று நினைத்தேன், கூப்பிடவில்லை. அந்த நிமிஷம் அந்தக் கட்டுரையையும் மலரையும் என்னையும் சேர்த்து யாராவது வாய்க்காலில் தள்ளியிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பேன்.

தலைவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். மடித்து வைத்திருந்த மலரைப் பிரித்து, விரலால் ஒரு வரியைத் தேடினார். தேடி எடுத்து, அத்தையின் பேரைச் சத்தமாக வாசித்தார். அந்தத் தெருவில் அந்தப் பேரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

‘இங்கன முன்னாடி வாங்க ஆத்தா. மோரு புளிச்சிரப் போகுது.’

கூட்டம் விலகி வழிவிட்டது. அத்தை நிதானமாக நடந்து வந்து கல்லுக்கு ஊற்றினார். பிறகு எல்லாருக்கும் டம்ளரில் ஊற்றிக்கொண்டே வந்தவர் என்னிடம் வந்து நின்றார்.

‘உப்பு கொறச்சலா இருந்தா அதையும் எழுதிராதய்யா’ என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உப்பு குறைவுதான். இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தேன்.