நீலப்பூச் சட்டியில் வைத்த புளிமுளம்

கொரோனா ஓய்ந்து விமானமெல்லாம் பழையபடி ஓட ஆரம்பித்த சமயம். மணவாளக்குறிச்சியில், எங்கள் வீட்டு அடுக்களையில் நடந்தது இது. என் வீட்டுக்காரர் துபாயில் ஹோட்டல் கட்டுகிற வேலையில் இருந்தார். அங்கே சுவரில் பூவேலை ஓடு பதிக்க மொராக்கோவிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். அதில் ஒருவர், ஃபெஸ் என்ற ஊர்க்காரர், இவருக்கு உயிர்ச் சிநேகிதர். அவர் குடும்பமே மண்பாண்டம் செய்து சித்திரம் எழுதுகிறவர்கள். என் வீட்டுக்காரர் லீவில் வந்தபோது அவர் கொடுத்துவிட்டது ஒரு மூடி போட்ட சட்டி. வெள்ளையில் நீலப்பூ. கழுதைப் பிடரிமயிரில் கட்டின தூரிகையால், அச்சு எதுவும் வைக்காமல் வரைந்ததாம். எம்மாடி, என்ன அழகு!

எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சட்டியைக் கண்டால் மீன்கறி நினைப்புதானே வரும்? சாளை மீனில் புளி தூக்கலாகப் புளிமுளம் வைத்து, அதில் ஊற்றி மூடிவிடுவேன். புளி ஊற ஊறத்தான் ருசி. அவர் திரும்பிப் போனபின் நான் முழுகாமல் இருந்தேன். வேறெதுவும் தொண்டையில் இறங்காது, அந்தப் பழங்கறி இருந்தால் நாலு வாய் சோறு போகும்.

வயிறு வலித்தது, ஆளே வெளிறிப் போனேன். மசக்கைதான் என்று விட்டுவிட்டோம். ஐந்தாம் மாதம் பிள்ளை தங்கவில்லை. நாகர்கோவில் ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்தேன். சாமி கும்பிடுவதையே நிறுத்திவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து வீடியோவில் என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். பக்கத்தில் ஃபெஸ்காரர். தன் சட்டியைப் பார்க்க அவருக்கு ஆசை. நான் முழுகாமல் இருந்தது அவருக்குத் தெரியும், பிள்ளை போனது தெரியாது. அதை இவர் வாய்திறந்து யாரிடமும் சொல்லவில்லை. நான் மூடியைத் திறந்து உள்ளே இருந்த கறியைக் காட்டினேன்.

“நோ! நோ ஈட்!” என்று அலறித் தலையில் அடித்துக்கொண்டார் ஃபெஸ்காரர்.

“மக்கா, அதை அப்படியே வெளிய கொட்டு. மினுக்கத்துக்குக் காரீயம் சேத்துப் பூசினதாம், புளி பட்டா கறியில விஷமா இறங்குமாம். அழகுக்கு வைக்கத்தானாம், திங்கதுக்கு இல்லையாம்,” என்றார் என் வீட்டுக்காரர். ஃபெஸ்ஸில் அது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. நமக்குச் சொல்ல வேண்டுமென்று அவருக்குத் தோன்றவில்லை.

ஃபெஸ்காரர் குரல் நடுங்கக் கேட்டார். “பேபி ஓகே?”

என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போயிற்று. நான்தான், “ஓகே,” என்றேன். எப்படி வாயில் வந்ததோ, சத்தியமாகத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்தால், என் ரத்தத்தில் காரீயம் இருந்தது. பிள்ளை போனது அதனாலா என்று டாக்டரிடம் கேட்டேன். “இருக்கலாம்மா, உறுதியாச் சொல்ல முடியாது,” என்றார். அந்த ‘இருக்கலாம்’ என்னைத் தின்கிறது. அதற்கப்புறம் எனக்குப் பிள்ளை தரிக்கவே இல்லை.

போன வருஷம் ஃபெஸ்ஸிலிருந்து பார்சல் வந்தது. பிள்ளைக்கென்று அவரே எழுதின சின்னத் தட்டு. காரீயம் துளியும் இல்லையாம், தைரியமாகச் சோறு ஊட்டலாமாம். பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பச் சுற்றி வைத்துவிட்டேன். அவர் போனில் பிள்ளையைக் காட்டச் சொல்கிறார். தூங்குகிறது என்கிறார் என் வீட்டுக்காரர்.

என் பிள்ளை உயிரோடு இருப்பது அந்த மனுஷன் நெஞ்சில் மட்டும்தான், அங்கேயும் அதைச் சாகக்கொடுக்க எனக்கு இன்றுவரை மனசு வரவில்லை.